மாரெத் கேட்ட கேள்வி

மாரெத் லண்டன் வால்தம்ஸ்டோவுக்கு மருமகளாக வந்தபோது, மாமியார் பியற்றிஸ் மாதா கோயிலில் எல்லோரிடமும், "பெட்டை சாமி ஆக்கள்" என்று சொல்லிவைத்தாள். கேட்டவர்கள் ஐயர் வீட்டுப் பெண் என்று நினைத்தார்கள். சாமி என்பது நோர்வேயின் வடக்கில் பனிமான் மேய்க்கும் இனத்தின் பெயர் என்று மகன் மேர்வின் தாய்க்கே திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது.

மாரெத்துக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஊரில் அவளுடைய அண்ணன் நீல்லாஸ் மான் வைத்திருந்தான். அவை குளிர்காலத்தில் மேயும் மலையில் ஒரு கம்பனி காற்றாலை நடப்போவதாகச் சொன்னது. சாமி மக்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் பாராளுமன்றம் ஒன்று உண்டு. அது வேண்டாம் என்றது. அரசாங்கம் அதை மரியாதையாகக் கேட்டுவிட்டு அனுமதி கொடுத்தது. காற்றாடிகள் சுழலத் தொடங்கியதும் மான்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

"வேண்டாம் எண்டு சொல்லலாம், நிப்பாட்ட ஏலாது. இலங்கையில எங்கட மாகாண சபை மாதிரித்தான்," என்றான் மேர்வின்.

"உங்களுக்குப் பகிடி."

"பகிடி இல்லை, மாரெத். நாங்களும் மன்னாரில வரிசையில நிண்டு வோட்டுப் போட்டனாங்கள்."

கம்பனியின் தலைமை அலுவலகம் லண்டனில்தான் இருந்தது. பங்குதாரர் கூட்டத்துக்குள் போவதற்காகவே மாரெத் ஒரு பங்கு வாங்கினாள். சிவப்புக் கரை வைத்த தன் இனத்து நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் எழுந்து நின்றாள்.

"எங்கள் பாராளுமன்றம் வேண்டாம் என்ற பிறகும் ஏன் கட்டினீர்கள்?"

தலைவர் நல்ல கேள்வி என்றார். இவ்வளவு அழகான உடையில் வந்ததற்கு நன்றி சொன்னார். சபை கைதட்டியது. பதில் வரவில்லை. தேநீர் வேளையில் அவரே வந்து கை நீட்டினார். மறுப்பது பண்பில்லை என்று இவளும் கை கொடுத்தாள். யாரோ படம் எடுத்தார்கள்.

கம்பனியின் ஆண்டறிக்கையில் அந்தப் படம் வந்தது. கீழே, "பூர்வகுடி மக்களுடன் தொடர்ந்து பேசுகிறோம்" என்றிருந்தது. முதலில் கண்டவன் நீல்லாஸ். அவன் போன் எடுத்துப் பேசி முடித்ததும் மாரெத் அறிக்கையைத் தேடித் திறந்தாள்.

"என்னவாம்?" என்றான் மேர்வின்.

"கம்பனி ஆள் ஊர்க் கூட்டத்தில அந்தப் படத்தைக் காட்டினவராம். உங்கட பிள்ளையே எங்களோட நிக்கிறா எண்டு."

படத்தை நீக்கச் சொல்லிக் கம்பனிக்கு எழுதினாள். கூட்டத்தில் படம் எடுப்போம் என்று வாசலிலேயே அறிவித்திருந்தோம் என்று பதில் வந்தது.

அடுத்த வருஷம் நீல்லாஸ் மிச்ச மான்களையும் விற்றுவிட்டான். மாரெத் ஊருக்குப் போய்வந்தாள். விமான நிலையத்தில் காத்திருந்த மேர்வின் அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டு, "ஏசினவையோ?" என்று கேட்டான்.

"இல்லை. கோப்பி தந்தவை, கதிரை தந்தவை. ஆனா நான் உள்ளுக்கு வந்த உடன சாமி மொழியை விட்டிட்டு எல்லாரும் நோர்வே மொழியில கதைக்கத் தொடங்கீட்டினம்."