மாமா கொண்டுவந்த நீல டிரம்

எங்கள் ஊர் ஏரியில் நுரை மிதக்க ஆரம்பித்தபோது எனக்கு ஏழு வயது. அதில் இறங்கினால் காலை ஒடித்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். இறங்கினேன். கால் ஒடியவில்லை, முதுகில்தான் இரண்டு விழுந்தது. நான் அழுத அழுகை மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கெமிக்கல் வந்த காலி டிரம்களைக் கழுவும் கான்ட்ராக்ட் வேலை. நான் கேட்டது மறுநாளே வந்துவிடும், கேட்காததும் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை, சூப்பர்வைசரைக் கெஞ்சி வாங்கிய நீல டிரம் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். நெடுக்காக அறுத்து, ஓரம் குத்தாமல் தேய்த்து, சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவினார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த மாதிரி டிரம்மில்தான் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“இந்தா, உன் ஸ்விம்மிங் பூல். இனிமே ஏரிப் பக்கம் போவாத, இன்னா?”

கோடை விடுமுறையில் அதிலேயே ஊறிக் கிடந்தேன். லேசாகப் பெயிண்ட் வாசனை வரும். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

பத்தே நாளில் தொடையும் வயிறும் செக்கச்செவேலென்று தடித்துப்போயின. அம்மை என்று முடிவுகட்டி, வாசலில் வேப்பிலை செருகினாள் அம்மா. ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது என்றாள். மூன்றாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். உட்காரவைத்தது அதே டிரம்மில். அன்று சாயங்காலம் தோல் உரிந்து நீர் வடிந்தது. நான் கத்தியதில் மாமா யாரையும் கேட்காமல் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கெமிக்கல் டிரம்லயா குழந்தையைக் குளிப்பாட்டுவீங்க?” என்றார். பிறகு மாமாவின் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். முழங்கைவரை என் தோலைப் போலவே தடித்து உரிந்திருந்தது.

“இது எப்போலேர்ந்து?”

“என்னிய வுடுங்க மேடம், பாப்பாவைப் பாருங்க.”

அன்றே மாமா டிரம்மை உடைத்துப் போட்டார். அதற்காக நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என்னமோ பாவமாகிவிட்டது. என் களிம்பை எடுத்துப்போய் அவர் கைகளில் பூசினேன்.

“என்னாலதான உனுக்கும் ஒட்டிக்கிச்சு, மாமா?”

“ஆமாண்டி கண்ணு, உன்னாலதான்,” என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. களிம்பு எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்து, அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன்.