ஐம்பதாம் வருஷத்துச் சீரம்

குன்றத்தூரிலிருந்து தினமும் காலை பஸ் பிடித்து வேலைக்குப் போகிற தசரதனைத் தெருவில் முட்டைக்காரர் என்றார்கள். ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சேரப்பணஞ்சேரிப் பண்ணையிலிருந்து கூடை கூடையாக முட்டை வாங்கிப் போய்த் தின்னாமல் வீணாக்குகிறவர். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

பத்து நாள் அடைகாத்த முட்டையை விளக்கின் முன் பிடித்து, உள்ளே கரு அசைகிறதா என்று பார்ப்பார். ஓட்டில் துளையிட்டு, காய்ச்சல்காரர் கொப்பளித்துத் துப்பிய நீரை ஊசியால் செலுத்தி மெழுகால் அடைப்பார். சில நாள் கழித்து முட்டைக்குள் ஊறிய நீரை எடுத்துக் கோழி ரத்தத்தோடு குழித்தட்டில் விடுவார். ஃப்ளூ கிருமி இருந்தால் ரத்தம் குழியின் அடியில் விரிப்புப் போலப் பரவும். அந்தக் கிருமிக்கான சீரத்தை, சேவல் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, சேர்த்தால் பரவாது. உருண்டு இறங்கி ஒரு சிவப்புப் பொட்டாக நிற்கும்.

எந்த வருஷத்துக் கிருமியைச் சேவலுக்குப் போட்டார்களோ, அந்தச் சேவலின் சீரம் அந்தக் கிருமியைத்தான் பிடிக்கும். கிருமி மாறிக்கொண்டே போகும். பழைய சீரத்தின் பிடி நழுவும். இருபத்தெட்டு வருஷத்தில் தசரதன் கண்டது ஒன்றுதான்: போன கிருமி திரும்பி வராது.

எழுபத்தெட்டில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் ஒரே வாரத்தில் அறுபது பேர் படுத்தார்கள். வார்டனும் சமையல்காரரும் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். தசரதன் போய், பையன்கள் கொப்பளித்த நீரை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து முட்டைகளில் ஏற்றினார்.

போன வருஷத்துச் சீரம் பிடிக்கவில்லை. அறுபத்தெட்டு, ஐம்பத்தேழு, எதுவும் பிடிக்கவில்லை. எல்லாக் குழியிலும் விரிப்பு. குளிர்பெட்டியின் அடியில் அவர் கையெழுத்தில் 'ஐம்பது' என்று எழுதிய சீரம் குப்பி ஒன்று கிடந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம். அந்தக் கிருமி யாரிடமும் கிடைக்காமல் போய் இருபது வருஷம் ஆயிற்று. சும்மா போட்டுப் பார்த்தார்.

பொட்டு. அடுத்த குழியிலும் பொட்டு.

ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர் கிரேசி தட்டைச் சாய்த்துப் பார்த்தார். "அந்த ஐம்பதாம் வருஷத்துக் கிருமிக் குப்பிய எப்பத் தெறந்தீங்க, தசரதன்?"

"முட்டையில ஊசி போடறதுக்கு ரெண்டு நாள் முந்திம்மா. உயிரோட கீதான்னு பாக்கச் சொன்னீங்களே."

"இதே மேஜையிலயா?"

"ஆமாம்மா."

"அப்ப இது பசங்க தொண்டையில இருந்து வந்தது இல்ல. நம்ம பெட்டியில இருந்து வந்தது. எங்கியோ சிந்தியிருக்கு." அவர் குரல் உயரவில்லை. "நானே விடுதிக்குப் போய் மறுபடி எடுத்துட்டு வரேன். வேற ரூம், புது ஊசி. நீங்க உள்ள வராதீங்க. அப்பப் பொட்டு வரலன்னா, உங்க கைதான் சிந்துச்சுன்னு மேல எழுதித்தான் ஆகணும்."

விஷயம் மதியத்துக்குள் பரவிவிட்டது. "இன்னா முட்டைக்காரரே, பொணத்த எழுப்பிட்டியாமே?" என்றார் இன்னொரு அட்டெண்டர் கோதண்டம். "கைய நல்லா கழுவிக்கினு என் சாப்பாட்டுப் பக்கம் வா."

தசரதன் ஐந்து நாள் வராந்தாவில் சீசா கழுவினார். முதல் இரண்டு நாள், தன் கை சிந்தவில்லை என்று வர வேண்டுமே என்றிருந்தது. மூன்றாம் நாள் வார்டனின் நினைவு வந்தது. வார்டனுக்கும் சமையல்காரருக்கும் ஐம்பது வயதிருக்கும். அந்தக் கிருமி அவர்களிடம் ஏற்கெனவே வந்து போயிருக்கும். அது மறைந்த பிறகு பிறந்தவர்களிடம் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. தன் கை சிந்தவில்லை என்றால் அது வெளியே இருக்கிறது.

கழுவி வைத்த சீசாவையே எடுத்து மறுபடி கழுவினார்.

ஐந்தாம் நாள் காலை மகள் அம்சவல்லி டைப் வகுப்புக்குக் கிளம்பாமல் பாயில் சுருண்டிருந்தாள்.

"ஒடம்பு கொதிக்குது," என்றாள் மனைவி கோவிந்தம்மா. "எதிர்வூட்டுப் பசங்க மூணும் படுத்துக்கினு கீதுங்க. அதுங்களப் பெத்தவங்களுக்கு ஒரு தும்மல் கூட இல்ல. உனுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. உனுக்கு?"

"எனுக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன்."

அவர் சாப்பிடாமல் கிளம்பினார்.

பிற்பகல் மூன்று மணிக்கு டாக்டர் சோதனை செய்த ரூமின் கதவு திறந்தது. "பொட்டுதான்," என்றார் டாக்டர். "நான் எடுத்த பன்னெண்டு பேருக்கும். உங்க கை சுத்தம், தசரதன். நான் தப்பா நெனச்சுட்டேன்."

"இன்னொரு வாட்டி பாருங்கம்மா."

"ரெண்டு வாட்டி பாத்தாச்சு."

"நான் சிந்தியிருப்பேன். என் மேலயே எழுதிடுங்க."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு, "பொண்ணுக்கு என்ன வயசு?" என்றார்.

"இருபது."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

டாக்டர் அலமாரியிலிருந்து, கொப்பளித்த நீர் பிடிக்கும் காலிச் சீசா ஒன்றை எடுத்து, மூடியை இறுக்கி நீட்டினார். தசரதன் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் கல்லூரி விட்ட கூட்டம். ஜன்னல்களை மழைக்கு மூடியிருந்தார்கள். பின்னால் யாரோ இருமினார்கள். சிரிப்புக்கு நடுவே முன்னாலும் ஓர் இருமல். தசரதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் வயதுக்காரர் யாராவது இருக்கிறாரா என்று தேடினார். கண்டக்டர் மட்டும் இருந்தார்.