ஒன்றாம் எண்ணுக்கு என் படம்

ஒத்தக்கடையில் என் பெயிண்ட் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. இப்போதெல்லாம் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பதே களைப்பாக இருக்கிறது, அது வேறு. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து சுண்ணாம்பு மூட்டை தூக்கினேன். டப்பாவில் இருக்கிற படத்தை வைத்துத்தான் சரக்கை அடையாளம் கண்டேன். படத்துக்கு அடியில் இருந்த எழுத்தையும் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. படம் போட்டால் பிள்ளைகளுக்குப் படிப்பு வரும் என்று எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் தெரு அங்கன்வாடிச் சுவருக்கு முழுச் செலவும் என்னுடையது. ஒரு பக்கம் அணில், ஆடு, இலை என்று எழுத்துக்கு எழுத்து படம். இன்னொரு பக்கம் ஒன்றிலிருந்து பத்து வரை. இரண்டுக்கு இரண்டு கிளி, மூன்றுக்கு மூன்று மீன். ஒன்றுக்கு என்ன போடுவது என்று பெயிண்டர் கேட்டான்.

"என்னையவே போடப்பா" என்றேன்.

இந்த ஊரில் கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தவனே அதில் தன் பேரை எழுதி வைக்கிறான். ஒற்றை ஆளாக வந்து நின்று ஜெயித்தவன் நான்; ஒன்றுக்கு வேறு யார் பொருத்தம்? வெள்ளைச் சட்டை, மீசை எல்லாம் அச்சாக வந்திருந்தது.

ஆயுத பூஜைக்கு அங்கன்வாடி ஆயா அந்தப் படத்துக்குச் சந்தனம் வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டுவிட்டார். பெயிண்டர் கடைக்கு வந்து சிரித்தான்.

"அண்ணே, படத்துக்குக் கீழ ரெண்டு தேதி எழுத எடமிருக்கு. பொறந்த தேதியச் சொல்லுங்க, இன்னொண்ணப் பெறகு பாத்துக்கிருவோம்."

"போடா" என்றேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

பங்குனி வெயிலில் ஒருநாள் அங்கன்வாடி டீச்சர் கடைக்கு வந்தார். பெயிண்ட் வாங்க வரவில்லை என்பது நின்ற நிற்பிலேயே தெரிந்தது.

"ஐயா, ஒரு பொம்பளப்பிள்ளைக்கு எண்ணவே வரல. அஞ்சு புளியங்கொட்டையக் குடுத்தா ஆறுங்குது. ஜூன்ல ஒண்ணாப்புச் சேக்கணும். வீட்டுல மந்தப் பிள்ளைன்னு முடிவே கட்டிட்டாக. இந்த வருசம் சேக்க வேணாங்குறாக. அம்மாக்காரி வந்து அழுகுது."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒரு எட்டு வந்து பாருங்க."

மூட்டு வலியோடு போனேன். சுவருக்கு முன்னால் அந்தப் பிள்ளை நின்றது. தொட்டுத் தொட்டு எண்ணச் சொன்னார் டீச்சர். என் படத்துக்கு நேரே வந்ததும் கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு கிளிகளுக்கு நகர்ந்து "ரெண்டு" என்றது.

"ஏன்மா இதத் தொடல?"

"தாத்தாவுக்கு நேரா வெரல நீட்டக் கூடாது. அம்மா அடிக்கும்."

டீச்சர் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பினார். முதல் கொட்டையைத் தொட்டதுமே "ரெண்டு" என்றுதான் ஆரம்பித்தது. ஒன்று என்பது அதற்கு எண்ணே இல்லை. கும்பிட வேண்டிய ஆள்.

"செவரு குடுத்த தாத்தான்னு அம்மா தெனமும் கும்பிட வச்சுத்தான் விட்டுட்டுப் போகுது" என்றார் டீச்சர். "மத்த பிள்ளைக வீட்டுலயே ஒண்ணு ரெண்டு கேட்டுட்டு வருதுக. இதுக்கு இந்தச் செவரு மட்டுந்தான் ஐயா."

ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். புதுசாக எடுத்துக் கட்டிய கடையில் என் படத்தை மாட்ட இடமில்லை என்று மகன்களே சொல்லிவிட்டார்கள். இந்தச் சுவரில்தான் நான் இருந்தேன்.

"எனக்குன்னு ஒரு அடையாளம் வேணும்ல டீச்சர்?"

"பேரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும் ஐயா. ஆளு வேணாம்."

அந்த இடத்தில் ஒரு மாம்பழம் போடச் சொல்லிப் பெயிண்டரை வரவழைத்தேன். கடையில் இருப்பதிலேயே விலை கூடின வெள்ளையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கோட் அடித்ததும் சட்டை போய்விட்டது. மீசை மட்டும் சாம்பலாகத் தெரிந்தது.

"போதும்ணே, இதுக்கு மேலயே மாம்பழத்தப் போட்டுரலாம்" என்றான்.

தண்ணீர் குடிக்கப் போன அந்தப் பிள்ளை மீசைக்கு எதிரே நின்று மறுபடியும் கை கூப்பியது.

"இன்னொரு கோட் அடி" என்றேன். அது காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் தெம்பில்லை.