கொட்டாஞ்சேனையில் ஏழு பூச்சுக்குக் கீழே

ஓவியம் பார்க்க ஊர் சுற்றுகிற ஆள் இல்லை நான். போன புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனது அக்காவின் முகத்தைத் தேடித்தான்.

அக்கா இறந்து மூன்று வருடம். படங்களெல்லாம் அவளுடைய போனோடு தொலைந்துவிட்டன. மிச்சம் அடையாள அட்டைப் படம் மட்டும். அதைக் காட்டினால் அம்மா, "இது ஆர்?" என்கிறார். கொட்டாஞ்சேனையில் இருக்கும் ரீட்டா ரீச்சர் என்ற ஓவியருக்கு முன்னால் அக்கா ஒருமுறை மாதிரியாக இருந்தாளாம். வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீட்டைவிட்டு இறங்க முடியாத அம்மா, "பாத்திட்டு வந்து சொல்லு தம்பி" என்றார்.

வெள்ளவத்தையிலிருந்து பத்து கிலோமீற்றர். பிற்பகல் 2.15க்கு முச்சக்கரவண்டி பிடித்தேன். 950 ரூபாய், ஐம்பது நிமிடம். காலி வீதி நெரிசலைத் திட்டிக்கொண்டே வந்த சாரதி, இறங்கும்போது, "அந்த வீட்டுக்கோ? படத்துக்கு முதுகைக் காட்டி இருக்காதேங்கோ அண்ணே" என்றார். சிரித்துவிட்டேன்.

ரீச்சர் வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் ஒரு வெற்று அறை, கடைசியில் ஒரு கதவு, அப்பால் நீலம். நான் அறைக்குள் நிற்கிறேனா வெளியே நிற்கிறேனா என்பதே பிடிபடவில்லை. ரீச்சர் மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்த பிறகுதான் அடுத்ததைப் பூசுவாராம். ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒரு கோடளவு விட்டுவிடுவதால், அங்கே ஏழு நிறம் படிபோலத் தெரிந்தது.

"மூண்டாவது மஞ்சள்தான் உங்கட அக்கா. அவ நிண்டதில கதவு தெரியேல்லை, அவவுக்கு மேல பூசி மூடிப்போட்டன்" என்றார் ரீச்சர். "எண்ணெய்ப் பெயின்ற் பழசாகப் பழசாகக் கண்ணாடி மாதிரி ஆயிடும், கீழ உள்ளது தெரியும். போன வருசம் தோள் மட்டும்தான் வந்தது. நான் ஒண்டும் கீறேல்லை."

மேலே உள்ளதைத் துடைத்தெடுக்கலாமா என்று கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்கத்தானே வந்தேன்.

"துடைக்கலாம். அவவும் சேர்ந்து வந்திடுவா."

துணியும் டர்பன்டைனும் மேசையில் இருந்தன. நான் தொடவில்லை. 4.10க்கு யன்னல் வெயில் சாய்ந்தபோது கதவடியில் மஞ்சள் ஏறியது. தோள், பிறகு தலை. முகமா பின்னந்தலையா தெரியவில்லை. மூன்றடி பின்னால் போனேன். அவள் சிறிதாகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ரீச்சர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

போகிறவர்கள் ரீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு மூன்றரைக்குள் அங்கே போய்விடுங்கள். பிறகு போனால் வெயில் இறங்கிவிடும். போனில் படம் எடுத்துப் பயனில்லை. என் போனில் வெறும் நீலம்தான் விழுந்தது.

திரும்பும் வழியில் அம்மா போன் எடுத்தார். கதவடியில் பார்த்ததை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. "பிள்ளை வாறாளோ, போறாளோ?"

"வாறா அம்மா" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

6.20க்குப் படியேறினேன். வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. அம்மா கதிரையை வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே வந்த பிறகும் அவர் என்னைத் தாண்டிப் படிக்கட்டையே பார்த்தார். கதவைச் சாத்த எனக்கும் கை வரவில்லை.