பழைய ஓட்டுநரை நீக்கவும்

தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவரை, பார்வை மங்குகிறது என்று சொல்லி நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கொடுத்த கடிதத்தில் ‘பணியிலிருந்து நீக்கப்படுகிறார்’ என்று இருந்தது. “ஓய்வுன்னு எழுதினா பேனா மை தீர்ந்துடுமா?” என்று அவர் கேட்காத ஆள் பாக்கியில்லை. அப்புறம் மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை போட்டு உட்கார்ந்தார்.

அன்று புது பிரிண்டர் வந்திருந்தது. அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். பள்ளியின் பிரிண்டர் படுத்துவிட்டதால், மறுநாள் பரீட்சைக்கான நுழைவுச்சீட்டுகளை, “எங்க வீட்டுக்காரர் நாலு மணிக்குள்ள அடிச்சுக் குடுத்துடுவார்” என்று தலைமையாசிரியரிடம் வாயை விட்டிருந்தார். நூற்றிருபது பிள்ளைகளின் சீட்டு அந்த ஒரு வாக்கை நம்பி நின்றது.

டிரைவர் அண்ணன் தடிமனான கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டை விரித்தார். ‘முதலில் ஓட்டுநரை இறக்கவும்.’ எந்த நிறுத்தத்தில் இறக்குவது என்று கேட்டுச் சிரித்தார். எழுதிய புண்ணியவான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது படியையும் ஒருவழியாகத் தாண்டினார். மூன்றாவது: ‘பழைய ஓட்டுநரை நீக்கவும்.’

சிரிப்பு நின்றது. அது கணினிக்குள் இருந்து பிரிண்டரை இயக்கும், இங்கிலீஷில் ‘டிரைவர்’ என்று சொல்லும் ஏதோ சமாச்சாரம் என்று அவருக்குத் தெரியும், அவர் ஒன்றும் விவரம் இல்லாதவர் அல்ல. ஆனாலும் கை வரவில்லை. “பழசு அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?” என்று முணுமுணுத்துவிட்டு நான்காவது படிக்குப் போனார்.

பிரிண்டர் கட்டம் கட்டமாகக் கிறுக்கித் தள்ளியது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினார், தட்டினார், திட்டினார், கொஞ்சிக்கூடப் பார்த்தார். மூன்றேகாலுக்கு மனைவி வந்து நின்றபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

“எல்லா படியும் செஞ்சீங்களா?”

“செஞ்சேன்.”

மனைவி மேசையில் விரிந்து கிடந்த கையேட்டில் கண்ணை ஓட்டினார். “மூணாவது?”

அவர் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். மனைவி அந்த வரியை மறுபடியும் படித்தார். ‘நீக்கப்படுகிறார்’ என்ற அந்தக் கடிதத்தைப் பீரோவின் அடித்தட்டில் புடவைகளுக்குக் கீழே ஒளித்து வைத்தவரே அவர்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு மூன்று இடத்தில் கிளிக் செய்தார். திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘பழைய ஓட்டுநரை நீக்க விரும்புகிறீர்களா?’

“பாருங்க,” என்றார் மனைவி. “இவனாவது விரும்புறீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கறான். உங்க ஆபீஸ்ல அதுகூட கேக்கல.”

டிரைவர் அண்ணனுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “தள்ளு, நானே அமுக்கறேன்” என்று ‘ஆம்’ என்பதை அழுத்தினார்.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, சூடு ஆறாத சீட்டுகளை அணைத்துக்கொண்டு மனைவி பள்ளிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். கடையில் தனியாக இருந்தவர் பேனாவை எடுத்தார். கையேட்டின் மூன்றாவது படியை அடித்துவிட்டு, மேலே திருத்தமாக எழுதினார்: பழைய ஓட்டுநருக்கு ஓய்வு கொடுக்கவும்.

மை தீரவில்லை.