வில்ஃபின் மட்டமான டிரில்

எங்கள் தெருவில் எழுபத்திரண்டு வீடுகள். அதில் பாதிக்கு மேல் வில்ஃப் ஓட்டை போட்ட வீடுகள்தான். சமையலறை விசிறியோ, துணி உலர்த்தும் மெஷினின் குழாயோ, எது மாட்டுவதானாலும் செங்கல் சுவரில் நாலைந்து அங்குல அகலத்துக்கு வட்டமாக ஓட்டை வேண்டும். உடனே எங்கள் பர்ன்லி ஊர்ப் பெண்களின் வாயில் வருகிற பெயர் வில்ஃப். அவன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். நானோ அதே முப்பது வருடம் ஃபிட்டர். யாரைக் கூப்பிட வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவன் டிரில்லைப் பார்க்க வேண்டுமே! தள்ளுபடிக் கடையில் காலுறைகளுக்கும் பூனைத் தீனிக்கும் நடுவே கிடந்ததைப் பொறுக்கி வந்தது. என்னுடையது ஆறு மடங்கு விலை. அவனுடையது ஒரு நிமிடம் ஓடினால் பத்து நிமிடம் படுத்துக்கொள்ளும். "சூடாயிடுச்சு கண்ணு, கொஞ்சம் ஆறட்டும்" என்று கீழே வைப்பான். வீட்டுக்காரி டீ போடுவாள். பிஸ்கட் வரும். பிறகு அவள் மகன் வேலையை விட்டது, மருமகள் முகம் கொடுத்துப் பேசாதது எல்லாம் வரும். ஒரு ஓட்டைக்கு அரை நாள். ஒருத்தியாவது சலித்துக்கொள்ள வேண்டுமே! என் டிரில் சூடாகாது. ஆகவே எனக்கு டீயும் இல்லை, பேச்சும் இல்லை.

போன நவம்பரில் சமையலறை விசிறி மாட்ட என் மனைவி கிளெனிஸும் அவனைத்தான் கூப்பிட்டாள்.

"வீட்ல நான் ஒருத்தன் இருக்கேன்ல?" என்றேன்.

"இருக்கீங்க டெஸ். உங்க அவசரத்துக்குச் சுவரே இருக்காது. வில்ஃப் பொறுமையான மனுஷன்."

பொறுமையாம்! அன்று சாயங்காலமே அவன் வந்து சுவரில் குறி போட்டு, டிரில்லின் முனையில் மாட்டுகிற, வளையம் போன்ற பெரிய பிட்டை எங்கள் அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். வாசலில் நின்று என்னமோ சொன்னான். கிளெனிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். தூக்கம் போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. அவள் ரொட்டி வாங்கப் போன நேரம் பார்த்து அவன் பிட்டை என் டிரில்லில் மாட்டினேன். அவன் வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும். அவள் என்னைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. டிரில்லில் ஒரு திருகைத் திருப்பினால் சுத்தியல் மாதிரி அடித்துக்கொண்டே சுழலும்; அந்த மாதிரிப் பிட்டை அப்படி ஓட்டவே கூடாது, சும்மா சுழலவிட வேண்டும். இது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. திருகைச் சுத்தியலுக்குத் திருப்பி அழுத்தினேன். பாதிச் சுவரில் பிட்டின் பல் இரண்டு தெறித்தது. பிட் இறுகிக்கொள்ள, டிரில் திமிறி என் மணிக்கட்டைத் திருகிவிட்டது. "ஐயோ" என்று உட்கார்ந்தேன்.

கண்ணைத் திறந்தால் இருவரும் எதிரே நிற்கிறார்கள்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் கிளெனிஸ்.

வில்ஃப் குனிந்து பார்த்தான். சுத்தியலில் நிற்கிற என் டிரில்லின் திருகு அவன் கண்ணில் பட்டது. அதை விரலால் மெல்லத் திருப்பிவிட்டான்.

"தப்பு என்மேலதான் கண்ணு. அந்தப் பல்லு முன்னாடியே ஆடிட்டிருந்துச்சு. டெஸ்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

பொய்! போன வாரம்தான் வாங்கிய பிட். இவன் எனக்குப் பிச்சை போடுவதா? மணிக்கட்டைவிட அதுதான் வலித்தது.

சுற்றிலும் தட்டி, ஆட்டி, சிக்கிய பிட்டை உருவினான். வீட்டுக்குப் போய்ப் பழைய பிட் ஒன்றைக் கொண்டுவந்து, வெளிப்பக்கத்திலிருந்து துளைக்க ஆரம்பித்தான். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"சூடாயிடுச்சு. ஆறட்டும்."

கொல்லையில் தூறல். நனையாமல் இருக்கட்டும் என்று நல்ல கையால் அந்த டிரில்லை எடுத்தேன். மோட்டாரின் மேல் உள்ளங்கை முழுதாகப் பதிந்தது. சுடவில்லை. சில்லென்று இருந்தது.

அடப்பாவி! இத்தனை வருடமும் இதுதானா? சமையலறைக் கதவருகே நின்று வில்ஃப் என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. அவன் மனைவி செத்து ஒன்பது வருடம். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு பூனைகூடக் கிடையாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தத் தெருவில் இனி எந்தக் கதவும் அவனுக்குத் திறக்காது. அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது.

"ரொம்பச் சுடுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் கிளெனிஸ்.

"கையே வைக்க முடியல. அரை மணி நேரமாவது ஆகும்" என்றேன்.

வில்ஃப் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு வயிறு எரியத்தான் செய்தது.