தேநீர் இடைவேளையில் ஓர் அறிவித்தல்

மன்னார் நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளாகக் காணி வழக்குகள் பேசும் சிவலட்சுமி, சட்டத்தரணிகளுக்கான சனிக்கிழமை வகுப்பு ஒன்றையும் தவறவிடுவதில்லை. குடும்பச் சட்டமோ மீன்பிடிச் சட்டமோ, முன்வரிசைக் கதிரை அவருக்குத்தான். அங்கே தேநீரோடு தரும் பற்றிஸ் பலகாரம் நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

அன்று மின்னணுச் சான்றுகள் பற்றிய வகுப்பு. கைபேசிக் குரல்பதிவைச் சான்றாகக் காட்டுவதென்றால், விசாரணைக்கு நாற்பத்தைந்து நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்து நீதிமன்றத்திலும் பதிய வேண்டும் என்றார் விரிவுரையாளர். சிவலட்சுமியின் பேனா நின்றது. அவருடைய கட்சிக்காரி, வெள்ளாங்குளத்துப் பாலம்மாவின் வயல் வழக்கில் கையில் இருந்த ஒரே சான்று, பக்கத்து வயல்காரர் ஆத்திரத்தில் பாலம்மாவுக்கு அனுப்பிய குரல்பதிவு: "வேலியைத் தள்ளித்தான் போட்டனான், இப்ப என்ன?" அதைப் பற்றி அறிவித்தல் எதையும் சிவலட்சுமி கொடுத்திருக்கவில்லை. விரல்விட்டு எண்ணினார். விசாரணைக்கு நாற்பத்தெட்டு நாட்கள் இருந்தன.

பக்கத்து வயல்காரரின் சட்டத்தரணி அமல்ராஜும் வகுப்புக்கு வந்திருந்தார். இடைவேளையில் சிவலட்சுமி கொப்பித் தாளொன்றில் அறிவித்தலை எழுதி அவரிடம் நீட்டினார்.

"தம்பி, கிடைச்சதெண்டு ஒரு கையெழுத்துப் போடும்."

"தேத்தண்ணி குடிக்கவும் விடமாட்டீங்களோ அக்கா?" என்றபடி வாசித்த அமல்ராஜ் தலையில் கைவைத்தார். "இந்த மனுசன் இதை எனக்குச் சொல்லவே இல்லையே!"

"கேட்டுப் பாரும்," என்று சிவலட்சுமி கைபேசியில் குரல்பதிவைப் போட்டு நீட்டினார்.

அமல்ராஜ் அதைக் காதில் வைத்து இரண்டு தரம் கேட்டார். சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

"நாளைக்கு அந்தாளோட கதைச்சு, வேலியைப் பழைய இடத்தில போடச் சொல்லுறன். அவசரப்படாதேங்கோ."

"நல்லாக் கதையும். நான் திங்கட்கிழமை காலமை முதல் ஆளா இதைக் கோட்டில பதிவன்."